புரை எடுத்த கண்ணில் மறுபடியும் மூட்டம்: யாக் லேசர் சிகிச்சையும் ஒளியால் தடுக்கும் முறைகளும்

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. கண்புரை முற்றியபோது அதைக் கைவிட்டிருந்தவர், இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு முறத்தை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார். குருணைக்கும் கல்லுக்கும் உள்ள நிற வேறுபாடுகூடத் தெரிகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்தார். ஒன்றரை ஆண்டு கழித்துச் சோற்றில் கல் கடிபடத் தொடங்கியது. முதலில் யாரும் அதைக் கண்ணோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மாலை, வாசல் விளக்கைச் சுற்றி மயிர்மயிராக ஒளி சிதறித் தெரிகிறது என்றும், எதைப் பார்த்தாலும் புகையேறிய சிம்னிக்குள் இருந்து பார்ப்பதைப்போல இருக்கிறது என்றும் அம்மா சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

நாங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மருத்துவச் சீட்டில் ஆங்கிலம் என்பது இங்குள்ள வாழ்க்கை. கண்புரையை மலையாளத்தில் திமிரம் என்பார்கள். ஊரில் ஒருவர் அம்மாவிடம் திமிரம் மறுபடியும் வந்துவிட்டது என்று சொல்ல, வைத்த லென்ஸ் கெட்டுவிட்டது, இனி அந்தக் கண் போனதுதான் என்று அவர் மனத்துக்குள் முடிவுசெய்துவிட்டார். இடையில் ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பவர் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணாடிகளும் இப்போது அலமாரியில் கிடக்கின்றன. இப்படியே ஏறக்குறைய ஓராண்டு வீணாயிற்று. சென்ற மாதம் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு கண் மருத்துவமனையில் யாக் லேசர் என்ற ஒளிக்கதிர்ச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு பார்வை தெளிந்தது. அந்தச் சிகிச்சை எப்படி இருந்தது, எதில் நிறைவு, எதில் குறை, இந்த மூட்டம் வராமலே தடுக்க ஒளியைப் பயன்படுத்தும் முறைகள் என்று பேசப்படுகின்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை. இதே கருவி இன்று பெரிய கண் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் மதிப்பிடுவது சிகிச்சையை.

முதலில், திரும்ப வந்தது புரை இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துப் பனங்காடுகளில் நுங்கு தின்று வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ், நுங்கைப் போலவே ஒரு மெல்லிய தோல்பைக்குள் இருக்கிறது. புரை அறுவையில் அந்தப் பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, மங்கிப்போன சதையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார்கள். பையின் பின்சுவரை அப்படியே விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸைத் தாங்கி நிற்பது அதுதான். அதன் நடுப்பகுதி ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனம்கூட இருக்காது. எவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்தாலும் பையின் ஓர விளிம்பில் சில செல்கள் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அவை பெருகி, லென்ஸுக்கும் பின்சுவருக்கும் இடையே ஊர்ந்து வந்து, சில இடங்களில் சவ்வரிசி முத்துக்களைப் போலத் திரண்டும், சில இடங்களில் நாராகச் சுருங்கியும், ஒளி செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. மருத்துவமனை ஊழியர்கள் இதைச் சுருக்கமாக ஜவ்வு படிந்திருக்கிறது என்பார்கள். வைத்த லென்ஸுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இது அரிதாக வருவதும் இல்லை. 1998இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, அறுவை முடிந்து ஓராண்டில் 11.8 சதவீதம், மூன்றாண்டில் 20.7 சதவீதம், ஐந்தாண்டில் 28.4 சதவீதம் கண்களில் இந்த மூட்டம் வருவதாகக் கணக்கிட்டது. அதன் பிறகு லென்ஸ்களின் வடிவம் மேம்பட்டு இந்த அளவு குறைந்திருக்கிறது என்றாலும், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் வரும் பார்வைக் குறைவுக்கு மிகப் பொதுவான காரணம் இன்றைக்கும் இதுதான். அப்படியிருக்க, முதல் அறுவை நடந்த இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வாயால் சொல்லி அனுப்பியிருந்தால் என் அம்மா ஓராண்டுக் காலம் இருளுக்குத் தயாராகிக் கொண்டிருந்திருக்க மாட்டார். சொட்டு மருந்து எத்தனை வேளை, தலைக்கு எப்போது தண்ணீர் விடலாம், அடுப்படிக்கு எப்போது போகலாம் என்பதையெல்லாம் அங்கே பொறுமையாகவே சொன்னார்கள். இதை மட்டும் சொல்லவில்லை.

இனி லேசர் நாளுக்கு வருகிறேன். காலை எட்டரை மணிக்குப் பதிவு. பார்வைப் பலகையில் அம்மாவால் மேலிருந்து மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. கண்ணழுத்தம் பார்த்த பிறகு, கருவிழியின் நடுத்துளை விரிவதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டார்கள். மூன்றாவது சுற்றில்தான் துளை போதிய அளவு விரிந்தது. இந்தச் சொட்டு கொஞ்சம் எரியும் என்று முன்கூட்டியே சொன்ன செவிலியரின் பண்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க டாக்டரு, மறுபடியும் அறுக்கோணுங்களா?" என்பது. மருத்துவர் தன் நாற்காலியை அம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "கத்தியே கெடையாதுங்கம்மா. ஊசியும் இல்ல, கட்டும் இல்ல. லென்ஸுக்குப் பின்னால சின்னதா ஒரு ஜன்னல் தெறந்து விடறோம், அவ்வளவுதான். நீங்க ஆடாம உக்காந்திருந்தாப் போதும்" என்றார். ஓராண்டின் பயம் அந்த நான்கு வாக்கியங்களில் கரைந்ததை அம்மாவின் தோள் தளர்ந்ததில் பார்த்தேன்.

கருவி, வழக்கமாகக் கண் பார்க்கும் விளக்குக் கருவியைப் போலத்தான் இருக்கிறது. தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விட்ட பிறகு, பசை தடவிய ஒரு சிறிய கண்ணாடி வில்லையைக் கருவிழி மேல் வைத்தார்கள். கண் சிமிட்டாமல் இருக்கவும் கதிர் கூர்மையாகக் குவியவும் அது உதவுகிறது. யாக் லேசரின் அலைநீளம் 1064 நானோ மீட்டர். அது மனிதக் கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால், குறி பார்ப்பதற்குச் சிவப்பு ஒளிப்புள்ளிகளைத் துணைக்கு வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றாகச் சேரும் இடமே கதிர் விழும் இடம். மருத்துவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும் தீக்குச்சி முறிவதைப்போல ஒரு சின்னச் சத்தம் வெளியில் நின்ற எனக்கே கேட்டது. நான் எண்ணியவரை இருபதைத் தாண்டவில்லை. உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலித்ததா என்று கேட்டதற்கு, வெளிச்சம்தான் அதிகம், வலி ஒன்றும் இல்லை என்றார் அம்மா.

இந்தக் கதிர் சுட்டு எரிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில துளிகள் நேரமே நீடிக்கும் ஒரு துடிப்பில், ஒன்றிரண்டு மில்லி ஜூல் ஆற்றலை ஊசிமுனையை விடச் சிறிய இடத்தில் குவிக்கும்போது, அந்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு ஒன்று நிகழ்ந்து சவ்வைக் கிழிக்கிறது. செயற்கை லென்ஸில் குழி விழாமல் இருக்க, குவிமுனையைச் சவ்வுக்குச் சற்றுப் பின்னால் வைத்துத் தொடங்குவார்கள். இப்படிச் சிறிது சிறிதாகக் கிழித்து மூன்று நான்கு மில்லி மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு உண்டாக்கிவிட்டால், பெரியவர்களின் கண்ணில் அது பெரும்பாலும் மறுபடி மூடிக்கொள்வதில்லை. 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் டேனியல் ஆரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தின் ஃபிரான்ஸ் ஃபாங்கௌசரும் இதைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்த ஜவ்வைக் கிழிக்க, கண்ணுக்குள் ஊசியையோ கத்தியையோ மறுபடியும் செலுத்த வேண்டியிருந்தது. அம்மாவின் பயம் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நியாயமான பயமாக இருந்திருக்கும்.

பலன் உடனே தெரிந்ததா என்றால், அன்றைக்குத் தெரியவில்லை. துளை விரிந்திருந்ததால் எல்லாம் கூசியது. கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைப் பிடித்துத்தான் பேருந்தில் ஏற்றினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, நாட்காட்டியின் சிறிய எழுத்தில் இருந்த நல்ல நேரத்தை அம்மா சத்தமாக வாசித்தார். கண்ணுக்கு முன்னால் கொசு பறப்பதைப்போலக் கறுப்புத் துணுக்குகள் மிதப்பதாக நான்கைந்து நாட்கள் சொன்னார். கிழிந்த சவ்வின் துணுக்குகள்தான் அவை என்றும் படிப்படியாக அடங்கிவிடும் என்றும் மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஒரு வாரத்துக்கு வீக்கம் தணிக்கும் சொட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வேறு பத்தியம் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு மொத்தம் ஐந்து மணி நேரம் ஆயிற்று. துளை விரிய ஆகும் நேரத்தைத் தவிர்க்க முடியாது என்றாலும், நீரிழிவு உள்ள முதியவர்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்ல வேண்டிய தேவை இந்தச் சிகிச்சையில் இல்லை என்பதைப் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லலாம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் மருத்துவமனைக்குக் கேரளத்திலிருந்து இத்தனை பேர் வரும்போது, தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு பக்கம் அச்சடிப்பது பெரிய செலவாகிவிடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, லேசர் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணழுத்தத்தை மறுபடி பார்ப்பது. சிலருக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் அழுத்தம் திடீரென ஏறும். அதைத் தடுக்கச் சொட்டு விடுவதும், ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. எங்களை நேராக மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பிப் போய்க் கேட்ட பிறகே பார்த்தார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்கு என்ன நடக்கும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிகச் சிலருக்கு விழித்திரை விலகலாம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆகவே கண்ணில் மின்னல் வெட்டுவதைப்போல ஒளி தெரிந்தாலோ, மிதக்கும் துணுக்குகள் திடீரென மழையாகக் கொட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதைப்போல இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இந்த ஆபத்துகளும் செலவும் அலைச்சலும் இருப்பதால்தான், ஜவ்வு வந்த பிறகு கிழிப்பதைவிட வராமலே தடுக்க முடியாதா என்ற கேள்வி எழுகிறது. லேசருக்கு இரண்டு நாட்களுக்கு முன், துபாயில் இருக்கும் என் அண்ணன் மகன் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ஒளி பட்டதும் வேலை செய்யும் லென்ஸ் வந்துவிட்டது, பாட்டியின் வலது கண்ணுக்கு அதையே வைக்கச் சொல்லுங்கள் அத்தை, எவ்வளவு ஆனாலும் நான் பணம் அனுப்புகிறேன் என்று. அந்தப் பிள்ளையின் பாசத்தை மதித்து, மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி உண்மைதானுங்க. ஆனா அது இன்னும் முயல் கண்ணுலதான் நிக்குது" என்றார். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஒளியால் தடுக்கும் முறைகளில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஒளி பட்டால் மட்டும் நஞ்சாக மாறும் மருந்தை எஞ்சிய செல்களுக்குள் புகுத்திவிட்டு, பிறகு குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சுவது. மருந்து ஒளியை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனைக் கொந்தளிக்கச் செய்கிறது. அந்த ஆக்சிஜன் செல்லை உள்ளிருந்தே அழிக்கிறது. இந்தக் கருத்து பழமையானது: 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த ஒற்றைச் செல் உயிரிகள் வெளிச்சம் படும்போது மடிவதைக் கவனித்ததிலிருந்து இது தொடங்குகிறது. கண் மருத்துவத்திலும் இது புதிதில்லை. முதுமையில் விழித்திரைக்கு அடியில் கசியும் இரத்தக் குழாய்களை அடைக்க வெர்டெபோர்ஃபின் என்ற மருந்தையும் சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2000ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் அளித்தது. அதே உத்தியைப் புரைக்குப் பின் வரும் மூட்டத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

மற்றொன்று, லென்ஸின் ஓரத்திலேயே ஒளியைச் சூடாக மாற்றும் பொருளைப் பூசிவிடுவது. தங்கத்தின் நுண்கம்பிகளையோ, கண்ணின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கப் பயன்படும் இண்டோசயனின் கிரீன் சாயத்தையோ பூசிய லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிலிருந்து பாய்ச்சினால், பூசிய இடம் மட்டும் சூடாகி ஒட்டியிருக்கும் செல்கள் மடியும். பார்வை செல்லும் நடுப்பகுதியில் பூச்சு இருக்காது என்பதால் தெளிவு குறையாது. கேட்பதற்கு இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. களை முளைக்கும் வரப்பிலேயே மருந்து வைப்பதைப் போன்ற யோசனை.

ஆனால் தடைகளும் சாதாரணமானவை இல்லை. செல்கள் ஒளிந்திருப்பது பையின் ஓர விளிம்பில், கருவிழித் திரையின் மறைவில். ஒளி அங்கே முழுமையாகப் போய்ச் சேர வேண்டும். ஓரிடத்தில் சில செல்கள் தப்பினாலும் அவை மறுபடி பெருகிவிடும். மருந்து கசிந்து கருவிழியின் உட்புறச் செல்களில் பட்டு ஒளியும் பட்டால் இழப்பு பெரிது, ஏனென்றால் அந்தச் செல்கள் பெரியவர்களுக்கு மறுபடி வளர்வதில்லை. சூட்டு முறையில், லென்ஸைத் தாங்கும் நுண்ணிய இழைகளும் கருவிழித் திரையும் பக்கத்திலேயே இருக்கின்றன. தங்கத் துகள்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் கண்ணுக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். முயல்களின் கண்ணில் இந்த மூட்டம் சில வாரங்களிலேயே வந்துவிடும் என்பதால் சோதனைக்கு அவை வசதியானவை. அங்கே கிடைக்கும் வெற்றியை வைத்து மனிதக் கண்ணுக்கு விலை பேசக் கூடாது. எனவே இன்று எந்த ஊரிலாவது ஒளியால் ஜவ்வு வராமல் தடுக்கும் லென்ஸ் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்த ஆராய்ச்சி வெற்றிபெற வேண்டும் என்று நான் மனமார விரும்புவது பெரியவர்களுக்காக அல்ல, குழந்தைகளுக்காக. பிறவியிலேயே புரையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த மூட்டம் அநேகமாக வந்தே தீரும், அதுவும் விரைவாக வரும். ஒரு வயதுக் குழந்தையைத் தாடைத் தட்டில் ஆடாமல் உட்கார வைக்க முடியுமா? அதனால் அவர்களுக்கு முதல் அறுவையிலேயே பையின் பின்சுவரைத் திறந்து, அதன் பின்னாலுள்ள கூழையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்கள். செல்களை மட்டும் அழிக்கும் பாதுகாப்பான முறை வந்தால் முதலில் பயனடைய வேண்டியவர்கள் அவர்களே.

அதுவரை நம் கையில் இருப்பது லென்ஸின் விளிம்பு. பின்புற விளிம்பு சதுரமாக, கூர்மையாக வெட்டப்பட்ட லென்ஸ், பின்சுவரோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு செல்கள் உள்ளே ஊர்ந்து வருவதை மறிக்கிறது. நீரை ஏற்காத அக்ரிலிக் லென்ஸ்களில் மூட்டம் குறைவு என்பதும் நன்கு தெரிந்த செய்தி. இவை கிடைப்பதற்கு வெளிநாட்டுப் பெட்டிதான் வர வேண்டும் என்பதில்லை. மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் என்ற நிறுவனம் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கியதால்தான் எளியவர்களுக்கும் லென்ஸ் எட்டும் விலைக்கு வந்தது. அறுவைக்கு முன் லென்ஸ் பட்டியலை நீட்டும்போது, விலையை மட்டும் பார்க்காமல் விளிம்பு சதுரமா, பொருள் எது என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தூரமும் கிட்டமும் தெரியச் செய்யும் பன்முகக் குவிய லென்ஸ் வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லேசான மூட்டம்கூட அவர்களின் பார்வையைக் கூடுதலாகக் கெடுக்கும்.

சிகிச்சைக்கு என் மதிப்பீடு: பலனில் முழு நிறைவு. வலி இல்லை, தங்க வேண்டியதில்லை, இரண்டு கண்ணாடிகளுக்குக் கொடுத்த பணத்தைவிட லேசருக்கு ஆன செலவு குறைவு. மருத்துவர் பேசிய விதம் பாராட்டத்தக்கது. பதிவு, படிவம், பின்சோதனை ஆகிய மூன்றிலும் மருத்துவமனை மேம்பட வேண்டும். லேசரை அவசரப்பட்டும் செய்துகொள்ள வேண்டாம். அறுவைக்குப் பின் கண் நன்றாக ஆற சில மாதங்கள் விட்டு, மூட்டம் அன்றாட வேலையைத் தடுக்கிறது என்று தெரிந்த பிறகு செய்வதே முறை.

அம்மாவின் வலது கண்ணுக்குப் புரை அறுவை ஐப்பசியில் வைத்திருக்கிறார்கள். சதுர விளிம்பு லென்ஸ் என்று உறுதி செய்துகொண்டோம். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் மருத்துவர் அம்மாவின் அட்டைக்குப் பின்புறம் தன் கையாலேயே தமிழில், "பிற்காலத்தில் பார்வை மங்கினால் பயப்பட வேண்டாம், ஜவ்வாக இருக்கலாம், லேசருக்கு வரவும்" என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணாடி இல்லாமல் இடது கண்ணாலேயே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அட்டையை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.